கன்னி மூலையில் இருந்த வழி

கைப்பேசியை உள்ளங்கையில் தட்டையாக வைத்து, அதைப் பார்த்தபடியே அவர் எங்கள் வீட்டைச் சுற்றி நடந்தார். அவருக்குப் பின்னால் என் மகள் கயல், வெறும் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, அதைப் பார்த்தபடியே நடந்தாள். அவர் நின்றால் இவளும் நின்றாள். அவர் தலையை ஆட்டினால் இவளும் ஆட்டினாள்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடை பிடிக்கிற அளவுக்கு மழை இல்லை, ஆனால் பிடிக்காமல் இருந்தால் நனைத்துவிடுகிற மழை. வாஸ்து பார்க்க வந்த அண்ணாச்சி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கைப்பேசியில் இருந்த திசைகாட்டி நனையாதபடி மறு கையால் அதற்குக் கூரை பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டின் பின்புறம், தென்மேற்கு மூலைக்கு வந்ததும் நின்றார். அங்கே கிளுவை வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. புல் முளைக்காமல், மண் வழுவழுவென்று மிதிபட்டுக் கிடந்தது.

"இது என்னம்மா?"

"வழி அண்ணாச்சி. பின்வீட்டுக்குப் போறதுக்கு."

"கன்னி மூலைல்லா இது! மூடிக் கெடக்கணும், மேடா இருக்கணும், பாரமா இருக்கணும். நீங்க தெறந்துல்லா போட்டிருக்கீங்க." அவர் ஹெல்மெட்டோடு குனிந்து அந்த இடைவெளி வழியே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். "இங்கனதான் வெளிய போகுது."

"எது அண்ணாச்சி?"

"எதுனாலும்."

எதுனாலும் என்று அவர் சொன்னபோது என் மனதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. கயல் சாப்பிடுவதில்லை.

பிள்ளை சாப்பிட்டாளா?

இலஞ்சியில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தோம். வீடு முடிந்த பிறகு எங்களிடம் மிச்சமிருந்தது சுற்றிலும் கொஞ்சம் மண்ணும், மூன்று வயதை நெருங்கும் ஒரு பெண்ணும், ஒரு கேள்வியும். அந்தக் கேள்வி வீரகேரளம்புதூரிலிருந்து தினமும் மதியம் ஃபோனில் வரும். என் மாமியாருக்கு முகவுரை பழக்கம் கிடையாது.

"பிள்ள சாப்பிட்டாளா?"

"எங்க அத்தை. ரெண்டு வாய். அதையும் துப்பிட்டா."

பருப்புச் சோறு, நெய்ச் சோறு, இட்லி, உப்புமா, எதுவானாலும் இரண்டு வாய்தான். மூன்றாவது வாய்க்குக் கயல் உதட்டைப் பூட்டிவிடுவாள். நான் கிண்ணத்தோடு பின்னாலேயே போவேன். கார்ட்டூன் போடுவேன், காக்காய் காட்டுவேன், கெஞ்சுவேன். கடைசியில் கிண்ணத்தில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேய்க்கும்போது எனக்கு அழுகை வரும்.

அத்தைக்கு என் குரலில் இருந்த அழுகை கேட்கும்தானே. ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார். "ஆடி கழியட்டும் மதி. கொண்டாந்து இங்கன விடு. ரெண்டு மாசம் எங்கிட்ட இருக்கட்டும். தேத்தி அனுப்புதேன்."

என் கணவருக்குச் சுரண்டையில் மோட்டார் உதிரிபாகக் கடை. காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார். அவரும், "ரெண்டு மாசந்தானே?" என்றார். அந்த "தானே"யை நான் பல நாள் மன்னிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி எடை பார்க்கிறவர்களுக்கு இரண்டு மாதம் என்பது ஒன்றுமில்லை. அவள் தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள் என்பது அவர்கள் கணக்கில் வராது.

தென்காசியில் குழந்தை மருத்துவரிடம் காட்டினேன். "எடை சரியாத்தான் இருக்கு. அம்மாதான் இளைச்சுப் போயிருக்கீங்க" என்று சிரித்தார். எனக்கு அவருடைய எடைக் கருவி மேல் சந்தேகம் வந்தது.

நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நிரூபணம் இல்லாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்று அவர்களிடம் சொல்கிறவள். ஆனால் சோறு ஊட்டும்போது கயலுக்காகப் போட்ட வீடியோ முடிந்ததும் அடுத்து ஒன்று தானாக ஓடியது. "உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம் உங்கள் குழந்தையின் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கிறது." கயல் எழுந்து போய்விட்டாள். நான் கிண்ணத்தோடு உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன்.

பொய்யாக இருந்தால் நாலு செடி மிச்சம். உண்மையாக இருந்துவிட்டால்? அந்த "இருந்துவிட்டால்" என்னைத் தூங்கவிடவில்லை.

மருதாணிக்கு இடமில்லை

என் அப்பா ரயில்வேயில் இருந்தார். நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் எல்லாவற்றிலும் தோட்டம் ஒரே மாதிரிதான். முன்னால் ஒரு குரோட்டன்ஸ், பின்னால் ஒரு முருங்கை. மாற்றல் வந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போவோம். போகிற ஊரில் வேறு யாரோ விட்டுவிட்டுப் போன குரோட்டன்ஸும் முருங்கையும் காத்திருக்கும். முதன்முறையாக எனக்கென்று ஒரு மண் வந்தபோது, அதில் எதை எங்கே வைப்பது என்று கைகால் ஓடவில்லை.

கேட்டவர்கள் எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். முருங்கை முன்னால் ஆகாது. முள் உள்ளது எதுவும் ஆகாது. அப்படியென்றால் ரோஜா? ரோஜாவுக்கு விலக்கு உண்டு. மருதாணி வைத்தால் லட்சுமி வருவாள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அடுத்த வீடியோவில் மருதாணியில் பேய் இறங்கும் என்றார்கள். நான் வாங்கி வந்திருந்த மருதாணிக் கன்று பாவம், யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமல் பையோடு துணி துவைக்கிற கல் பக்கத்தில் வெகுநாள் நின்றது.

இப்படித் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவருடைய கடைக்கு வந்துபோகும் ஒருவர் வழியாக அந்த அண்ணாச்சி வந்தார். கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். வாஸ்து பார்ப்பதைத் தொழிலாக அல்லாமல் ஒரு தீராத ஆர்வமாக வைத்திருந்தார். சர்க்கரை இல்லாத டீயைத் தவிர எதையும் வாங்க மாட்டார்.

"நான் சொன்னா நடக்கும்னு சொல்ல மாட்டேம்மா. நடக்குதானு எனக்கும் பாக்கணும்" என்றார். அது எனக்குப் பிடித்துவிட்டது. நிச்சயமாகப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பயம்.

வீட்டைச் சுற்றிப் பார்த்த அன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மலையைக் காட்டினார். மேகம் பாதி மலையைத் தின்றிருந்தது.

"கன்னி மூலைல பாரம் இருக்கணும்னு எழுதி வச்சிருக்கான். இங்கன பாருங்க, மேற்கயும் தெக்கயும் எம்புட்டு பெரிய மலை! ஈசானி மூலைக்கு, அதான் வடகிழக்குக்குத் தண்ணி ஓடணும். சிற்றாறு எங்கன ஓடுது? கெழக்கதான? நம்ம ஊரு மொத்தமும் வாஸ்துப்படி இருக்கும்மா."

"அப்படின்னா ஊர்ல யாருக்கும் ஒரு கஷ்டமும் இருக்கக்கூடாதே அண்ணாச்சி?"

அவர் டீயை ஒரு மடக்கு குடித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"அதான் எனக்கும் வெளங்கல" என்றார்.

வழி வந்த கதை

அந்த இடைவெளியை நாங்கள் உண்டாக்கவில்லை. அது தண்ணீர் உண்டாக்கியது.

வீடு கட்டும்போது எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்கியிருக்கவில்லை. பின்வீட்டுப் பேச்சி அக்கா தன் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக் கொடுத்தார். அந்தக் குழாய் வருவதற்காகத்தான் வேலியில் நாலு கிளுவைப் போத்துகளைப் பிடுங்கினார்கள். எங்கள் சுவர்கள் குடித்த தண்ணீரெல்லாம் அந்த வழியாக வந்தது. குழாயை எடுத்த பிறகும் வழி அப்படியே தங்கிவிட்டது.

பேச்சி அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு மகன்களும் கோயம்புத்தூரில் வேலை. வீட்டுக்காரர் வயலே கதி என்று இருப்பவர். அக்காவுக்கு ஒரு பசு, ஒரு கன்று, ஏழெட்டுக் கோழி, ஓயாத வாய். என்னை முதல் நாளே "ஏட்டி" என்று கூப்பிட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு அந்த "ஏட்டி"யில் கோபமா அன்பா என்று பிரித்தறியக் கொஞ்ச நாள் ஆனது.

காலையில் நான் பாடம் எடுக்கும் நேரத்தில் கயலை அவர்தான் பார்த்துக்கொண்டார். வேலி ஓரம் நின்று கூப்பிடுவார். இவள் ஓடிவிடுவாள். பாடம் முடிந்து நான் போய்க் கூட்டி வருவேன். தலையில் வைக்கோல் தூசியும், கையில் கோழி இறகுமாக வருவாள்.

தினமும் நான் கேட்பேன். "இங்க எதாவது சாப்பிட்டாளாக்கா?"

"எங்கட்டி! ஒண்ணும் திங்கல" என்பார் அக்கா. சொல்லிக்கொண்டே கயலின் கன்னங்களைத் தடவி, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறிப்பார். படபடவென்று சத்தம் வரும். கயலுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், சிரிப்பாள்.

"எங்கிட்டயும் ஒண்ணும் சாப்பிடலக்கா" என்பேன் நான்.

"ஆமாமா" என்று தலையாட்டுவார்.

நானும் அவரும் பல மாதங்கள் இப்படிப் பேசியிருக்கிறோம். ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டும் இருந்தது.

மேடு

ஒரு டிராக்டர் செம்மண் வந்தது. கன்னி மூலையில் கொட்டி மேடாக்கினோம். அதன் மேல் உருண்டைப் பாறைகள், பாறைகளுக்கிடையில் இட்லிப்பூச் செடிகள். ஈசானி மூலையில் ஒரு சிமென்ட் தொட்டி வைத்து ஆம்பல் விட்டோம். குழந்தை விழுந்துவிடுமோ என்று தொட்டி மேல் கம்பி வலை போட்டேன். கொசு வருமோ என்று மீன் விட்டேன். வலை இருந்தால் மீனுக்கு மூச்சு முட்டுமோ என்று ஒருநாள் முழுக்கத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்கள் என்னைவிட நிம்மதியாக இருந்தன.

வாயு மூலையில், அதாவது வடமேற்கில், காற்றில் ஆடும் மணி ஒன்றைத் தொங்கவிட்டோம். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி அந்த மணியைச் செய்தவருக்குத் தெரிந்திருக்காது. அது ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. மூன்றாம் நாள் இவர் அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய்விட்டார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஈரச் செம்மண்ணின் நிறமும், கழுவிவிட்ட பாறைகளும். வேலி இப்போது முழுதாகத் தெரிந்தது. பேச்சி அக்காவின் கொல்லை தெரியவில்லை. மேட்டுக்கு மேலே அவர் வீட்டு ஓடும், அதற்கு மேலே மலையும்தான் தெரிந்தன.

அக்காவிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே டிராக்டர் வந்துவிட்டது. மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டு, மேட்டில் ஏறி நின்றேன்.

"அக்கா, வாஸ்து பாத்தாங்க. இந்த மூலைல திறப்பு இருக்கக் கூடாதாம். அதான்."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுப் பக்கம் கெட்ட தெசையாக்கும்?"

"அய்யோ, அப்படி இல்லக்கா."

"இருக்கட்டும். நீங்க படிச்சவங்க. யோசிக்காம செய்வீங்களா?"

நீங்க. எனக்கு அந்த ஒரு சொல்லே போதும் என்றாகிவிட்டது.

அவர் வீட்டு வாசல் அடுத்த தெருவைப் பார்த்து இருக்கிறது. சுற்றிப் போக வேண்டும். போகலாம்தான். போகவில்லை. பாடம் எடுக்கும் நேரத்தை, இவர் கடையிலிருந்து திரும்பியபிறகு என்று மாற்றிக்கொண்டேன்.

இரண்டு தோசை

அதற்குப் பிறகு நடந்ததை இப்போதும் வியப்போடுதான் எழுதுகிறேன். கயல் சாப்பிட ஆரம்பித்தாள்.

மேடு போட்ட இரண்டாம் நாள் மதியம், நான் கிண்ணத்தோடு நெருங்கும் முன்னே அவளே வாயைத் திறந்தாள். பருப்புச் சோறு முழுதும் போயிற்று. மறுநாள் இரண்டு தோசை. அதற்கடுத்த நாள் தேங்காய்ப்பால் சொதிக்குள் கையை விட்டு உருளைக்கிழங்கைத் தேடித் தின்றாள். கார்ட்டூன் இல்லை, காக்காய் இல்லை. அண்ணாச்சிக்கு ஃபோன் செய்தேன். "அப்பிடியா! நெசமாவா! நான் வந்து பாக்கணுமே" என்று அவர் என்னைவிட வியந்தார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. காலையில் பேச்சி அக்கா கூப்பிடும் நேரம் வந்ததும் கயல் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, அதைப் பார்த்தபடி வீட்டைச் சுற்றி நடப்பாள். மேட்டருகே வந்து நிற்பாள். "வழியக் காணும்" என்பாள். அழ மாட்டாள். மறுபடி ஒரு சுற்று சுற்றுவாள், வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

நிலைக்கட்டும் என்று அத்தையிடம் சில நாள் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் மதியம் அவருடைய ஃபோன் வந்தது. நான் காத்திருந்து எடுத்தேன்.

"பிள்ள சாப்பிட்டாளா?"

"அத்தை! ரெண்டு தோசை சாப்பிட்டா! மதியம் சோறும் சாப்பிட்டா! கேட்டுக் கேட்டுச் சாப்பிடுதா!"

பதில் அடிக்குரலில் வந்தது.

"ஏட்டி, வாய மூடு! இப்படியா தம்பட்டம் அடிப்ப? பெத்தவ கண்ணு பொல்லாத கண்ணு, தெரியாதா? யாரு கேட்டாலும் ஒண்ணும் திங்கலன்னு சொல்லு. பெத்தவளும் சொல்ல மாட்டா, பிள்ளயப் பாத்துக்கிடுதவளும் சொல்ல மாட்டா, பிள்ள நல்லா திங்குதுன்னு. மொதல்ல மொளகாயச் சுத்திப் போடு."

சுற்றிப் போட்டேன். மிளகாய் அடுப்பில் வெடித்து நெடி வந்தது. இருமிக்கொண்டே நின்றபோது அத்தை சொன்னதில் ஒரு சொல் மறுபடி கேட்டது. பிள்ளயப் பாத்துக்கிடுதவளும்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. என் அம்மாவும் அப்படித்தான். நான் நாலு இட்லி தின்ற நாளில்கூட அடுத்த வீட்டில், "எங்க, கொறிக்கிறா" என்பாள். தெரிந்திருந்தும், பேச்சி அக்கா "ஒண்ணும் திங்கல" என்று சொல்லி நெட்டி முறித்த அத்தனை நாளும், நான் அதை ஒரு விடைத்தாளில் எழுதிய விடைபோல வாசித்திருக்கிறேன்.

நெட்டி முறித்துக்கொண்டே சொன்னாரே. தின்னாத பிள்ளைக்கு யார் நெட்டி முறிப்பார்கள்?

தெருவைச் சுற்றி

அன்றே போனேன். கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி. சாரல் காலத்து அருவிக் குளியலுக்கு வந்த வேன் ஒன்று வழி கேட்டது. உள்ளே எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சி அக்கா தொழுவத்துப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க" என்றார்.

கயல் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். நேரே தொழுவத்து ஓரம் இருந்த தவிட்டுச் சாக்கில் போய் ஏறி உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். கோழிகள் அவள் காலடியில் வந்து கூடின. எல்லாம் நெடுநாள் பழக்கம்போல நடந்தது.

"அக்கா, இவ இங்க சாப்பிடுவாளா?"

அக்கா கீரையைப் பார்த்தார். "ஒண்ணும் திங்க மாட்டா."

"அக்கா. நெசமாச் சொல்லுங்க. பெத்தவதான கேக்கேன்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். தெருவில் யாருமில்லை. குரலைத் தாழ்த்தினார். "நான் காலைல பழையசோறு பெசஞ்சு உக்காருவேன். எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். சுண்டவத்தல்ல நாலு அவளுக்கு. கூட்டாஞ்சோறு வச்சா மறுசோறு கேப்பா. வயிறு தளும்பத் தளும்பத்தான் அனுப்புவேன்."

"எங்கிட்ட ஒருநாள்கூடச் சொல்லலியேக்கா!"

"பின்ன, பிள்ள நல்லா திங்குதுன்னு வாயால சொல்லுவாங்களாக்கும்?"

"நான் தினமும் சொன்னேன்லக்கா, வீட்ல ஒண்ணும் சாப்பிடலன்னு?"

"சொன்ன. எல்லாத் தாயும் சொல்லுதத நீயும் சொல்லுதன்னு நெனச்சேன். வெவரமான பிள்ளதான், கண்ணுக்குப் பயந்து சொல்லுதான்னு நெனச்சேம்ட்டி." அக்கா கீரையை மடியிலிருந்து தட்டினார். "நெசமாவே சாப்பிடலயா? அதுக்காகவா இம்புட்டு மண்ணக் கொண்டாந்து கொட்டின?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. ஏட்டி திரும்பி வந்துவிட்டிருந்தது.

அண்ணாச்சி சொன்னது பலித்தது

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். வழியை மூடி வைத்தால் கயல் வீட்டில் சாப்பிடுவாள். அத்தை அவளைக் கேட்க மாட்டார். திறந்துவிட்டால் பேச்சி அக்காவிடம் சாப்பிட்டுவிட்டு வருவாள். மதியம் இரண்டு வாய்தான். மறுபடி ஃபோன், மறுபடி வீரகேரளம்புதூர். மூடியிருப்பதுதான் புத்திசாலித்தனம். கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை கயல் உள்ளங்கையை விரித்துக்கொண்டு சுற்றக் கிளம்பினாள். நான் மண்வெட்டியை எடுத்தேன்.

சரியாக அந்த நேரத்துக்கு அண்ணாச்சி வந்துசேர்ந்தார், ஹெல்மெட்டோடு, தன் வாஸ்து பலித்ததைப் பார்க்க. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகம் வாடும் என்று பயந்தேன். அவர் மேட்டையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கனதான் வெளிய போகுதுன்னு நான் சொன்னேம்லா?" என்றார். "போயிருக்கு பாத்தீங்களா!"

போனது உண்மைதான். நாள் தவறாமல், வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போய், நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது.

வழி வேண்டுமானால் அதே மேற்கு வேலியில் வடக்கு ஓரமாகத் திறக்கலாம், அது உச்சமான இடம் என்றார் அண்ணாச்சி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பேச்சி அக்கா எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

"அங்கன எங்க எருக்குழி கெடக்கு அண்ணாச்சி. உச்சத்துல எறங்கினா இடுப்பு வரைக்கும் முங்கும்."

அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் யோசித்தார். கடைசியில் மேட்டை அகற்ற வேண்டாம், அதன் மேலேயே வழி விடலாம் என்றார். பாரம் பாரமாக இருக்கும், ஆளும் போகலாம். வாஸ்து இதை ஒப்புமா என்று கேட்டேன். "எழுதினவன் இதப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார்.

அவரும் நானும் சேர்ந்து, மேட்டின் இரு புறமும் தட்டைக் கற்களைப் படியாகப் பதித்தோம். உச்சியில் இருந்த இட்லிப்பூச் செடிகளைப் பிடுங்கி ஓரங்களுக்கு மாற்றினோம். யாருக்கும் வேண்டாமல் நின்ற மருதாணிக்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது. கல்லில் ஈரம் இருந்தால் வழுக்குமே என்று கற்களின் மேல் மணல் தூவினேன். மழை அதைக் கழுவிவிடும் என்று தெரிந்தும் தினமும் தூவினேன்.

துணிப்பை

வழி திறந்த அன்று மதியம் ஃபோன் வந்தது. நான் பயந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். சாப்பிட்டாள் என்று சொல்லக் கூடாது. சாப்பிடவில்லை என்றால் பிள்ளையை அத்தை கொண்டுபோய்விடுவார்.

"பிள்ள சாப்பிட்டாளா?"

"அத்தை... அது வந்து..."

"என்னட்டி, கொரலே சரியில்ல? நேத்து நீ கண்ணு வச்சேல்ல, அதான். ஆடி கழியுற வரைக்கும் பொறுக்க முடியாது. ஞாயித்துக்கெழம நான் வாரேன். கூட்டிட்டுப் போறேன். துணியெல்லாம் எடுத்து வை."

எடுத்து வைத்தேன். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கவுன்கள், தொப்பி, அவள் பிடித்துக்கொண்டு தூங்க என் பழைய சேலை ஒன்று. சேலை என் காதுக்கு ஈடாகுமா என்று தெரியவில்லை. பையைக் கதவோரம் வைத்தேன். கயல் அதன் மேல் ஏறிக் குதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை காலைப் பேருந்திலேயே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார். "பிள்ள எங்க?"

பின்பக்கம் கை காட்டினேன். அத்தை நேராக நடந்தார். புது மேட்டைப் பார்த்தார், கற்படியைப் பார்த்தார், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். வழுக்குமோ என்று நான் பின்னாலேயே ஏறினேன். உச்சியில் அத்தை நின்றுவிட்டார்.

கீழே, தவிட்டுச் சாக்கின் மேல் கயல் உட்கார்ந்திருந்தாள். பேச்சி அக்கா எவர்சில்வர் கும்பாவில் பழையசோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். கயலின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கையில் சுண்டவத்தல். மோர் முகவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பேச வாயில் இடமில்லை.

மலையிலிருந்து காற்று வந்து அத்தையின் முந்தானையைத் தூக்கியது.

"ஏம்மா, பிள்ள எதும் திங்குதாளா?" என்று கேட்டார்.

பேச்சி அக்கா தலை நிமிர்ந்தார். வந்திருப்பது யாரென்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. கதவோரப் பையைப் பற்றியும் நான் சொல்லியிருந்தேன். இன்று ஒருநாளாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் அக்கா என்று கண்ணால் கெஞ்சினேன்.

"எங்க ஆச்சி!" என்றார் அக்கா. "ஒண்ணும் திங்க மாட்டேங்கா."

சொல்லிவிட்டுச் சோற்றுக் கையைக் கழுவி, கயலின் உப்பிய கன்னங்களைத் தடவி, நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். படபடவென்று எல்லா விரல்களும் சத்தமிட்டன.

அத்தை தலையாட்டினார். மெதுவாக, திருப்தியாக. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா?"

"வச்சிட்டேன் அத்தை."

"திரும்ப எடுத்து உள்ள அடுக்கிரு" என்றார். "பஸ்ல வந்தது பசிக்கி. பிள்ளயப் பாத்துக்கிடுதவகிட்ட எனக்கும் ஒரு வாய் கேளு."